பழைய லுங்கி கம்பெனி

பீம்ராவ் தர வேண்டிய தொகை பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய். கம்பெனிக்காரர்கள் மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்தக் கணக்கில் ஒரு பைசா பிசகு கிடையாது. உருப்படி ஒன்று இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதுபோல அறுபது.

அந்த அறுபதும் எம்.கே.பி. நகரில் அவனுடைய ஒற்றை அறை வீட்டில் கட்டிலுக்கு அடியிலும், பீரோவுக்கு மேலும், புத்தர் படத்துக்குக் கீழேயுமாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் ஆரஞ்சு நிறம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஓட்டை. ஏதோ ஒரு பூதம் மெதுவடை சுட்டு, ஆறவைத்து, ரெக்சின் உறை மாட்டி அடுக்கி வைத்தது போலிருக்கும்.

அதன் பெயர் மகுடா. 'உழைக்கும் தலைக்கு ஓர் அரியணை' என்று உறையிலேயே அச்சடித்திருந்தது. அரியணைமேல் தலை உட்காருமா, தலைமேல் அரியணை உட்காருமா என்று பீம்ராவ் நாலு நாள் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டான். எழுதியவர்களுக்குச் சம்பளம் உண்டு; அவர்கள் யோசித்திருப்பார்கள்.

பீம்ராவ் தண்டையார்பேட்டை அரிசி குடோனில் மூட்டை தூக்குகிறவன். வயது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு வருடமாக ஐம்பது கிலோ மூட்டைக்கும் அவன் மண்டைக்கும் நடுவே இருந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்தது ஒரே பொருள்தான். கட்டிக் கட்டி நைந்துபோன லுங்கியைச் சுருட்டி வளையமாகக் கட்டிய சும்மாடு. அதைப் பற்றி யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. மாசி மாதம் ஒரு நாள் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்துதான் பேஜாரு.

குடோன் வாசலில் அன்று காலை ஓர் ஆரஞ்சுக் குடை முளைத்திருந்தது. குடைக்குக் கீழே இலவச எலுமிச்சை ஜூஸ். ஜூஸுக்குப் பக்கத்தில் தாமோதரன் என்கிற வட்டார மேலாளர். அவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது: சிரசுகேர் பிரைவேட் லிமிடெட். கூடவே கையில் டேப்லெட்டோடு மகிழினி என்றொரு பெண், கேள்வி கேட்பதற்கு.

"அண்ணா, நீங்க இப்போ எந்த பிராண்ட் சும்மாடு யூஸ் பண்றீங்க?"

"பழைய லுங்கி."

அவள் அதை அப்படியே பதிந்துகொண்டாள்.

"எத்தனை வருஷமா பழைய லுங்கி யூஸ் பண்றீங்க?"

"மூட்ட தூக்க வந்ததுலேர்ந்து."

"அதோட சர்வீஸ்ல திருப்தியா? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

மார்க் வாங்கியே பழக்கமில்லாத பீம்ராவுக்கு மார்க் போடும் அதிகாரம் திடீரென்று வந்து சேர்ந்தது. கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டான்.

"பத்து போட்டுக்கோம்மா. அது இன்னா பாவம் பண்ணிச்சு."

அன்று இருநூற்றுப் பதினாலு பேரைக் கேட்டார்கள். இருநூற்றெட்டுப் பேர் பழைய லுங்கி என்றார்கள். நாலு பேர் பொண்டாட்டியின் பழைய புடவை என்றார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டர் பழைய புடவையை 'அதே குழுமத்தின் துணை நிறுவனம்' என்று சேர்த்துக்கொண்டது. மிச்சம் இரண்டு பேர் வெறும் மண்டையில் தூக்குகிறவர்கள். அவர்கள் 'இன்னும் முடிவெடுக்காத வாடிக்கையாளர்கள்.'

பீம்ராவின் பதில்கள் தாமோதரனுக்குப் பிடித்துப்போயின. கூட்டாளிகள் இவன் பேச்சைக் கேட்பதையும் கவனித்தார். அங்கேயே அவனை 'மாவட்ட நுகர்வோர் தூதர்' ஆக்கி, ஆரஞ்சுத் தொப்பி ஒன்றைப் போட்டு, ஒரு தாளை நீட்டினார்.

பீம்ராவ் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சங்கத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன். கையெழுத்துக்கென்று கட்டம் போட்ட தாளைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. இனிஷியல், புள்ளி, கொம்பு, சுழி என்று ஒரு நிமிடம் எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். தாளின் மேலே பெரிய எழுத்தில் 'வாழ்த்துகள்' என்று இருந்ததை வாய்விட்டு வாசித்தான். கீழே எறும்பு ஊர்வதுபோல் இருந்ததை வாசிக்கவில்லை. அறுபது மகுடா, தொண்ணூறு நாள் கடன் என்பது அந்த எறும்புகளின் சாரம்.

மறுநாள் தூதர் தன் முதல் கடமையைச் செய்தார். கூட்டாளி அமீருதீன் தலையில் ஒரு மகுடாவை வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றினார். அமீருதீன் நாலடி நடந்தான். மூட்டை ஐந்தாவது அடியைத் தனியாக நடந்தது.

"மாமு, இது வழுக்குது. வேர்வய உள்ள வாங்க மாட்டேன்னுது. காதுல வந்து எறங்குது," என்றான் அமீருதீன், சிதறிய அரிசியைக் கூட்டியபடி. "லுங்கின்னா அவுத்து மூஞ்சி தொடைக்கலாம். மழ வந்தா போத்திக்கலாம். மத்தியானம் விரிச்சிப் படுக்கலாம். சோத்து தூக்குச்சட்டிய சுத்தி எட்னு போலாம். இத்த வெச்சி இன்னா பண்றது, சுவத்துல மாட்டி பூ போடறதா?"

குடைக்குக் கீழே நின்ற தாமோதரன் இதையெல்லாம் குறித்துக்கொண்டார். சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் இப்படி இருந்தது: 'போட்டி நிறுவனம் ஒரே பொருளில் ஐந்து வசதிகளைத் தருகிறது. கூடுதல் கட்டணம் இல்லை. அவசர கவனம் தேவை.'

குடோனில் போணியாகாது என்று தெரிந்ததும் பீம்ராவ் லீவு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினான். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி மகுடாவை வாங்கிக் கீழே போட்டு, அதன்மேல் குந்திப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது நைனா. ஆனா இந்த ஐஸ் பொட்டி மேல ஓசில குந்திகினு கீறேனே," என்று திருப்பித் தந்தாள். யானைக்கவுனியில் ஒரு மொத்த வியாபாரி அறுபதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒன்றுக்கு முப்பது ரூபாய், அதுவும் உள்ளே இருக்கும் பஞ்சுக்காக.

கதவு திறந்தது விம்கோ நகரில்தான். ரிட்டையரான ஜெயவேல் என்கிறவர் மகுடாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நடு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வந்துருக்கேன். இதுமேல ஒக்காரலாமா?"

உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் வலியில்லாத ஒரு களை வந்ததை வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தார். மெடிக்கல் ஷாப்பில் காற்றடிக்கும் வளையம் நானூறு ரூபாயாம்; பத்து நாளில் காற்றுப் போய்விடுமாம். ஜெயவேல் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதைச் சில்லறையோடு எண்ணிக் கொடுத்தார். அதே டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் நாற்பது பேராவது இருப்பார்கள் என்று கணக்கும் சொன்னார்.

பீம்ராவ் துள்ளிக்கொண்டு தாமோதரனுக்குப் போன் போட்டான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"எங்கே வச்சு உட்காந்தார்னு சொன்னீங்க?"

பீம்ராவ் மறுபடியும் சொன்னான்.

"பீம்ராவ், நம்ம பிராண்டோட இடம் தலை. ரெண்டு கோடி ரூபா செலவு பண்ணி அதைத் தலையில உட்கார வச்சிருக்கோம். நீங்க ஒரே நாள்ல கீழே இறக்கிட்டீங்க."

"சார், வாங்கறதுக்கு நாப்பது பேரு ரெடியா கீறாங்க சார். பாக்கிய அடச்சிடுவேன்."

"தேவை இருக்கிற இடத்துல யார் வேணாலும் விப்பாங்க. அதுக்குக் கம்பெனி எதுக்கு? தேவை இல்லாத இடத்துல விக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். ஒப்பந்தத்துல பதினோராவது வரியைப் பாருங்க."

பதினோராவது வரியைப் பீம்ராவ் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தான். 'தலை தவிர்த்த பிற உறுப்புகளுக்கு விற்பனை செய்தல் கூடாது.' மறு ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகருக்குப் போய், ஜெயவேலிடம் பணத்தைக் கொடுத்து மகுடாவைத் திரும்ப வாங்கினான். எழுந்திருக்கவே அவருக்கு மனமில்லை. பாக்கி மறுபடியும் பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுக்கே வந்து நின்றது.

தொண்ணூறு நாள் முடிந்து நோட்டீஸ் வந்தது. அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த யசோதரா அன்றுதான் சிரிப்பை நிறுத்தினாள்.

யசோதரா பீம்ராவின் மனைவி. இட்லி மாவு அரைத்து விற்பதற்குப் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்க, மகளிர் குழு மூலமாக நாற்பதாயிரம் கடன் கேட்டிருந்தாள். இரண்டு வருடம் காத்திருந்து அவள் முறை வந்திருந்தது. பேங்கில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த அதிகாரி, "உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு பாக்கி காட்டுதேம்மா. அது தீர்ந்ததுன்னு லெட்டர் வந்தாத்தான்," என்று ஃபைலை மூடிவிட்டார். ஆடி மாதக் கடைசிக்குள் லெட்டர் வராவிட்டால் கடன் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று குழுத்தலைவி சொல்லிவிட்டாள்.

"யோவ், மூட்ட தூக்கற மண்டைக்கு யாருனா காசு குடுத்து மெத்த வாங்குவாங்களா?" என்றாள் யசோதரா.

"ஜூஸு குடுத்தாங்கமே."

"ஒரு கிளாஸு ஜூஸு பதினேழாயிரம். கரும்பு ஜூஸா, எலுமிச்சையா?"

பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும் என்று பீம்ராவ் நாலைந்து தடவை போன் செய்தான். ஐந்தாவது தடவை தலைமை அலுவலகமே அவனைக் கூப்பிட்டது. பாக்கிக்காக இல்லை. போட்டி நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க.

கிண்டியில் ஒன்பதாவது மாடி. கண்ணாடிச் சுவர். ஏ.சி. குளிரில் பீம்ராவின் வேட்டி விறைத்துப்போய் நின்றது. நீள மேசையின் தலைமாட்டில் துணைத் தலைவர் சுப்புராஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்ட அலுவலர் செங்கொடி. அப்பா அந்தக் காலத்துத் தொழிற்சங்கக்காரராம்; மகள் இப்போது மேசைக்கு முதலாளி பக்கம்.

சுவரில் ஒரு வட்டப் படம் விழுந்தது. வட்டம் முழுக்கக் கறுப்பு. அதற்குப் பெயர் 'பழைய லுங்கி, 99 சதவீதம்.' ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஓர் ஆரஞ்சுக் கோடு. அது மகுடா. உண்மையில் அதுவும் புரொஜெக்டரின் கோளாறு என்று தாமோதரன் மட்டும் அறிவார்.

சுப்புராஜ் எழுந்தார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒரு எதிரியைப் பார்த்ததில்லை. விளம்பரத்துக்கு ஒரு ரூபா செலவில்லை. தள்ளுபடி இல்லை. நடிகர் இல்லை. ஒரு புகார்கூடக் கிடையாது. ஆனா தொண்ணூத்தொம்பது சதவீதம். நண்பர்களே, நாம எப்படி வேலை செய்றோம்? முதல்ல பொருளைச் செய்றோம். அப்புறம் அதுக்கு ஏத்த வலியைத் தேடறோம். வலி கிடைக்கலைன்னா, நாமே கொண்டுபோய்க் கொடுக்கறோம். அவ்வளவு உழைப்பையும் ஒருத்தன் உட்கார்ந்த இடத்துல தோற்கடிக்கிறான்னா அவன் யாரு?"

எல்லோரும் பீம்ராவைப் பார்த்தார்கள்.

"சார், அது கம்பெனி இல்ல சார். லுங்கி. கட்டிகினே இருந்தா பழசாய்டும். அத்த சுத்தி வெச்சிக்குவோம்."

"எங்கே தயாராகுது?"

"வூட்ல சார்."

செங்கொடி எழுதத் தொடங்கினார். "எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"ரெண்டு வருசம் ஆவும். நல்ல லுங்கின்னா மூணு."

"மூணு வருஷம்," என்றார் சுப்புராஜ், குரல் தழுதழுக்க. "மூணு வருஷம் ஒரு பொருளைப் பக்குவப்படுத்தறான். நாம பன்னெண்டு நிமிஷத்துல அச்சுல வார்த்து எடுக்கறோம். யார் தயாரிக்கறாங்க?"

"நான்தான் சார். அப்பால அமீருதீனு. எல்லாருமேதான்."

செங்கொடி பேனாவைக் கீழே வைத்தார்.

"அதாவது நம்ம மாவட்டத் தூதரே போட்டி நிறுவனத்தோட உற்பத்தியாளர். வீட்டுல வச்சு, மறைவா, வருஷக் கணக்கா."

"மறைவால்லாம் இல்லம்மா. கட்டிகினு கடைக்கிப் போறேன், எல்லாரும் பாக்கறாங்க."

"வெளிப்படையாவே," என்று செங்கொடி திருத்தி எழுதிக்கொண்டார்.

பாக்கியைப் பற்றிப் பீம்ராவ் வாய் திறப்பதற்குள் கூட்டம் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டது. பழைய லுங்கியை விளம்பரத்தால் ஒழித்துக்கட்டுவது. எதிரி ஊமை, ஆகவே பேசியே கொன்றுவிடலாம். தூதர் ஒத்துழைத்தால் பாக்கியைப் பற்றிப் 'பிற்பாடு பரிசீலிக்கலாம்' என்று சொல்லி, அவனை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆனி மாதக் கடைசியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெடுக ஆளுயர எழுத்தில் பலகைகள் ஏறின. ஒருவன் மூட்டை சுமந்து போகிறான். தலையில் பழைய லுங்கிச் சும்மாடு. பின்னால் அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். கீழே ஒரே ஒரு வரி:

உங்கள் தலையில் இருப்பது யாருடைய இடுப்பு?

முதல் நாள் குடோனில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டாம் நாள் ஒருவரை ஒருவர் அதையே கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அமீருதீன் வேலைக்கு நடுவே நின்று, குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான்.

"மாமு, அந்தப் படத்த பாத்துப் பாத்து எனக்கே ஒரு மாரி ஆய்ட்ச்சி."

"சும்மாடு புடிக்கலியா?" என்றான் பீம்ராவ் ஆவலாக. ஒன்றாவது விற்றுவிடும் போலிருந்தது.

"சும்மாடு இன்னா பண்ணிச்சு? இடுப்புல கட்டிகினு கீறேனே, இது. ரொம்ப கலீஜா தெர்து."

அமீருதீனுக்கு மட்டுமல்ல, இருநூற்றுப் பதினாலு பேருக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆடித் தள்ளுபடியும் பிறந்தது. மொத்தக் கூட்டமும் எம்.சி. ரோட்டுக்குப் போய் ஆளுக்கு இரண்டு புது லுங்கி எடுத்துவந்தார்கள். இடுப்பில் இருந்த பழசெல்லாம் ஒரே வாரத்தில் பதவி உயர்வு பெற்றுத் தலைக்குப் போனது. முன்பு ஒரு சுற்றுச் சுற்றியவர்கள் இப்போது இரண்டு லுங்கி சேர்த்துக் கெட்டியாகச் சுற்றினார்கள். வெறும் மண்டையில் தூக்கிய இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று தானமாகக் கிடைத்தது. குடை போட்டு எண்ணிப் பார்த்த மகிழினி தாமோதரனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், பழைய லுங்கி நூறு சதவீதம் ஆயிடுச்சு. தலைக்கு ரெண்டுன்னு கணக்குப் பண்ணா இருநூறு."

நகரத்தின் தெற்குப் பக்கத்தில் கதை வேறு மாதிரி. அங்கேயும் பலகை வைத்திருந்தார்கள். மூட்டை என்றால் என்னவென்றே தெரியாத மக்கள்; அழுகிற மனைவியைக் கவனிக்கவில்லை, லுங்கியின் நிறத்தைத்தான் கவனித்தார்கள். வெயிலில் வெளுத்து, உப்புப் பூத்து, யாராலும் சாயம் போட்டு வரவழைக்க முடியாத நிறம். ஒரு பெரிய கடை 'அசல் வடசென்னைப் பழைய லுங்கி' என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு விற்றது. சரக்குப் பிடிக்கக் குடோன் வாசலுக்குக் கார் வந்தது. அமீருதீன் கட்டியிருந்ததை அங்கேயே அவிழ்த்து நானூறுக்குக் கொடுத்துவிட்டு, ஆரஞ்சுக் குடையின் துணியைச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

பீம்ராவும் ஒன்றை விற்றிருப்பான். தூதர் போட்டிப் பொருளைத் தொட்டால் வட்டி சேரும் என்று தாமோதரன் போனிலேயே தடுத்துவிட்டார்.

"ஊரே லுங்கி வித்து பொழைக்குது. நீ மட்டும் ஆரஞ்சு வடைக்கு காவ காத்துகினு கீற," என்றாள் யசோதரா. ஆடி முடியப் பதினோரு நாள் இருந்தது.

அந்தப் பதினோரு நாளில் ஒன்பதாவது நாள்தான் கிண்டியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. மும்பையிலிருந்து பெரிய முதலாளி போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: இரண்டு கோடிக்கு விளம்பரம் செய்தீர்களே, சந்தையில் யார் முன்னால் இருக்கிறார்கள்? சுப்புராஜ் இரண்டு நாள் அவகாசம் வாங்கியிருந்தார். ஜெயிக்க முடியாத எதிரியை என்ன செய்வது என்று அவருடைய படிப்பில் ஒரு பாடம் இருந்தது.

"வாங்கிடறது," என்றார் சுப்புராஜ்.

இந்த முறை யசோதராவும் கூட வந்திருந்தாள். மாவு வாளி தூக்கிப் பழகிய கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பழைய லுங்கி நிறுவனத்தை அதன் பெயர், புகழ், எதிர்கால உற்பத்தி எல்லாத்தோடும் சிரசுகேர் வாங்குது," என்று செங்கொடி வாசித்தார். "விலை நிர்ணயம் பாக்கி."

"இருபதாயிரத்துக்குக் கீழேன்னா மும்பையைக் கேட்க வேண்டாம்," என்றார் கணக்கு அலுவலர் மூலையிலிருந்து. "இவர் பேர்ல ஏற்கெனவே பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது நிக்குது. அதையே விலையா வச்சு நேர் பண்ணிட்டா, பணம் கையில எடுக்கவும் வேண்டாம்."

"நியாயமான மதிப்பீடு," என்றார் சுப்புராஜ். இரண்டு கோடிக்கு விளம்பரம் செய்தும் அசைக்க முடியாத ஒரு நிறுவனம் பதினெட்டாயிரத்துக்குள் வருகிறது என்றால் அது அவருடைய திறமைதானே.

பீம்ராவுக்குப் பாக்கி போகிறது என்பது புரிந்தது. எதை விற்கிறோம் என்பதுதான் புரியவில்லை. நேர்மையான மனுஷன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சார், நான் மொதல்லயே சொன்னேன். அது கம்பெனி இல்ல சார்..."

யசோதரா மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள்.

"அவுருக்கு தொழில் ரகசியத்த வெளில சொல்லக் கூச்சம்," என்றாள். "ஆனா ஒண்ணு சார். லுங்கி கட்டுனா மட்டும் பழசாவாது. கட்றது அவுரு. தொவைக்கறது நான். அடிச்சி, கும்மி, வெயில்ல போட்டு, அந்தக் கலரு கொண்டாந்தது நான். என் கையெழுத்து இல்லாம எப்டி வாங்குவீங்க?"

சுப்புராஜ் செங்கொடியைப் பார்த்தார். செங்கொடி தன் குறிப்பைப் பார்த்தார். இத்தனை நாள் விசாரணையில் போட்டி நிறுவனத்தின் பாதி நிர்வாகத்தைத் தவறவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

"உங்க நிபந்தனை என்னம்மா?"

"வூட்ல கீற அறுவதையும் வண்டி வெச்சி எட்னு போய்டணும். பேங்க் கம்ப்யூட்டர்ல இவுரு பேர அழிக்கணும். பாக்கி தீந்துச்சின்னு லெட்டர் இன்னிக்கே கைல வேணும். நாளைக்கி சாய்ந்தரம் நாலு மணி வரைக்கும்தான் பேங்க்ல டயம் குடுத்துகீறாங்க."

எல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்டது. அறுபது மகுடா ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் நகர்வதை 'சந்தையில் மகுடாவின் முதல் பெரும் அசைவு' என்று தாமோதரன் பதிந்துகொண்டார். செங்கொடி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஒரு ஷரத்து மட்டும் இருக்கு. விற்ற பிறகு விற்றவர் அதே தொழில்ல இறங்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு நீங்க எந்த லுங்கியையும் பழசாக்கக் கூடாது."

பீம்ராவ் பதறிப்போனான்.

"அப்போ வூட்ல நான் இன்னாத்தம்மா கட்டிக்கறது?"

இதைச் சட்டப் படிப்பில் சொல்லித்தரவில்லை. செங்கொடி நெற்றியைத் தேய்த்தார். சுப்புராஜ் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கட்டலாமா, கட்டினால் எத்தனை நாள், எந்த நிமிடத்தில் ஒரு லுங்கி பழைய லுங்கியாகிறது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கட்டிய முதல் நாளே தேய்மானம் தொடங்கிவிடுகிறது என்றார் கணக்கு அலுவலர். முழங்காலில் நூல் தெரிந்தால்தான் பழசு என்றார் தாமோதரன். யாரும் பீம்ராவைக் கேட்கவில்லை. அவன் இருபத்தெட்டு வருட நிபுணன். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான்.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றாள் யசோதரா. "பழசாவறதுக்கு முன்னாடி அவுத்து ஒங்களாண்டயே குட்த்துடறோம். மாசா மாசம் நீங்க புதுசு ஒண்ணு குட்த்துடுங்க. உங்க சரக்கு உங்களாண்ட பத்தரமா இருக்கும்."

செங்கொடி நிமிர்ந்தார். கம்பெனியின் நலனை இவ்வளவு அக்கறையோடு யாரும் அந்த அறையில் பேசி அவர் கேட்டதில்லை. ஐந்து வருடத்துக்கு, மாதம் ஒரு புது லுங்கி, நிறுவனச் செலவில் என்று சேர்த்து எழுதினார். சுப்புராஜ் யசோதராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாயங்காலமே மும்பைக்குச் செய்தி போனது: சந்தையில் சிரசுகேரின் பங்கு நூறு சதவீதம். அதற்காக அவரைத் துணைத் தலைவர் பதவியிலிருந்து தலைவராக்கினார்கள்.

பீம்ராவ் கையெழுத்துப் போட்டான். யசோதரா போட்டாள். கணக்கு அலுவலர் ரெஜிஸ்டரில் அந்த வரியைச் சிவப்பில் அடித்து, கம்பெனித் தாளில் ஒரு லெட்டர் அடித்து, முத்திரை குத்தி நீட்டினார். யசோதரா வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பாக்கி என்று போட்ட இடத்தில் ஒரு சைபர், ஒரு புள்ளி, மறுபடியும் இரண்டு சைபர்.

"எண்ணால மட்டும் போட்டா பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க சார்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுத்தாலயும் எழுதிக் குடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். இருபது வருட சர்வீஸில் இப்படி ஒன்றை எழுதியதில்லை என்பது போலக் கொஞ்சம் யோசித்தார். பிறகு முறைப்படி, அழகான கையெழுத்தில் எழுதினார்:

ரூபாய் பூஜ்ஜியம் மட்டும்.